சுவரை வைத்துத்தான் சித்திரம்

வீட்டின் முகம் அதன் புறச்சுவர். அம்முகத்திற்கு வண்ணம் தீட்டுவதில் காட்டும் ஆர்வத்தை, அச்சுவரின் நலத்தைப் பேணுவதில் நாம் காட்டுவதில்லை. ஒரு வண்ணப்பூச்சு எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதை முடிவு செய்வது வண்ணமா, அதனைத் தாங்கும் சுவரா? கற்காரைச் சுவரின் இயல்பையும், வண்ணம் பூசுவதற்கு முன் அதனை ஆயத்தப்படுத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மார்கழியில் கற்ற பாடம்

கடலுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில், வருங்கால வைப்பு நிதியிலிருந்து கடன் பெற்றுக் கட்டிய வீடு எங்களுடையது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அதன் புறச்சுவர்களுக்குப் புது வண்ணம் பூச எண்ணினேன். தை மாதத்தில் மகளுக்குத் திருமண உறுதி விழா. அதற்குள் வீடு புதுப்பொலிவு பெற வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழை ஓய்ந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன.

வண்ணம் பூசும் தொழிலில் பல்லாண்டு பழகிய பெரியவர் ஒருவரை அழைத்தேன். வந்தவர் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு, “சார், சுவரு இன்னும் தண்ணியிலதான் நிக்குது. மாசி பிறக்கட்டும், அப்புறம் ஆரம்பிப்போம்” என்றார்.

“தையில விசேஷம் இருக்கு, மேஸ்திரி. விலை கூடுன பெயின்டாவே வாங்கித் தர்றேன். எப்படியாவது முடிச்சுக் கொடுங்க” என்றேன் நான்.

அவர் அரைமனத்துடன் இசைந்தார். விழா நாளன்று வீடு ஒளிர்ந்தது. வந்தவர் அனைவரும் பாராட்டினர். சித்திரை வெயில் ஏறியதும் மேற்குச் சுவரில் அம்மை கண்டதுபோலக் கொப்புளங்கள் எழுந்தன. ஆனி மாதத்தில் அவை வெடித்துப் பொருக்குகளாக உதிர்ந்தன. அடுத்த மழைக்காலம் வருமுன்னரே செலவிட்ட பணத்தில் பெரும்பகுதி மண்ணில் கிடந்தது. குற்றம் வண்ணத்தினுடையதன்று. அதனைப் பூசிய கைகளினுடையதும் அன்று. காத்திருக்க மறுத்த என்னுடையது.

‘சுவரை வைத்துத்தான் சித்திரம்’ என்னும் பழமொழியை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் நேர்ப்பொருளை எனக்கு விளக்கியது அந்தச் சுவர்தான். பெரியவர் தம் உள்ளங்கையால் அறிந்த உண்மையைக் கற்காரையின் இயல்பைக் கொண்டு நாமும் அறியலாம்.

கற்காரை என்னும் செயற்கைக் கல்

சிமெண்ட், மணல், சரளைக்கல் ஆகியவற்றை நீருடன் கலந்து உருவாக்கும் கான்கிரீட்டைத் தமிழில் கற்காரை என்பர். இன்று பெருவழக்கிலுள்ள போர்ட்லாண்டு சிமெண்டிற்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் 1824ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இறுகிய சிமெண்ட், அந்நாட்டின் போர்ட்லாண்டு தீவில் வெட்டியெடுக்கப்படும் கட்டடக்கல்லை ஒத்திருந்தமையால் அப்பெயர் அமைந்தது. கற்காரைக்குள் இரும்புக் கம்பியைப் பொதிந்து வலுவூட்டும் முறைக்குப் பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியர் 1867இல் காப்புரிமை பெற்றார். உடையாத பூந்தொட்டி செய்யும் முயற்சியில் அவர் கண்ட வழி அது.

கற்காரை நீர் வற்றிக் காய்வதனால் இறுகுவதில்லை. சிமெண்ட் நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. ஆகவேதான் கட்டி முடித்த பின்னும் அதனை நீரால் நனைத்துப் பதப்படுத்துகிறோம். சாதாரணப் போர்ட்லாண்டு சிமெண்டால் ஆன கற்காரையைக் குறைந்தது 7 நாள்கள் தொடர்ந்து ஈரமாக வைத்திருக்க வேண்டும் என இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 வரையறுக்கிறது. கலப்புச் சிமெண்டாயின் 10 நாள்கள் தேவை.

இவ்வேதிவினையின்போது கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் நீற்றிய சுண்ணாம்பும் உண்டாகிறது. எனவே புதிய கற்காரை மிகுந்த காரத்தன்மை உடையது. அதன் பி.எச். அளவு 12 முதல் 13 வரை இருக்கும். இந்தக் காரமே உள்ளிருக்கும் கம்பியைத் துருவேறாமல் காக்கிறது. அதே காரம் வண்ணப்பூச்சுக்குப் பகையாகவும் அமைகிறது. எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட வண்ணத்தைப் புதுச்சுவரில் பூசினால், காரமும் எண்ணெயும் வினைபுரிந்து சோப்புப் போன்ற பொருளாகின்றன. பூச்சு பிசுபிசுத்துப் பிடிப்பை இழக்கிறது. நீரில் கரையும் வண்ணங்களிலும் நிறம் மங்குவதையும் திட்டுத்திட்டாக வெளுப்பதையும் காணலாம்.

கற்காரையின் மற்றோர் இயல்பு அதன் நுண்துளைகள். பார்வைக்குக் கெட்டிப்பாறையாகத் தோன்றினும் அதனுள் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் எண்ணிலடங்கா. அவற்றின் வழியே நீர் ஏறுகிறது, இறங்குகிறது, ஆவியாகி வெளியேறுகிறது. கற்காரையின்மேலும் செங்கல்லின்மேலும் பூசும் சிமெண்ட் காரைக்கும் இவ்வியல்புகள் பொருந்தும்.

வெள்ளையடித்தலும் வண்ணம் பூசுதலும்

பொங்கலுக்கு முன் வீட்டிற்கு வெள்ளையடிப்பது நம் மரபு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அதனை அடுத்து வருவது பொங்கல். அவ்வாறெனில் நம் முன்னோர் ஈரச்சுவரின் மீதன்றோ வெள்ளையடித்தனர்? அது மட்டும் எவ்வாறு நிலைத்தது?

விடை சுண்ணாம்பின் இயல்பில் உள்ளது. சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து, மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறியே இறுகுகிறது. அவ்வினை நிகழ ஈரம் வேண்டும். எனவேதான் வெள்ளையடிப்பதற்கு முன் சுவரில் நீர் தெளிப்பதும் வழக்கமாக இருந்தது. மேலும், சுண்ணாம்புப் பூச்சு ஆவியை மறிப்பதில்லை. சுவரிலுள்ள ஈரம் அதனூடே எளிதாக வெளியேறிவிடும். சுவரும் சுண்ணச் சாந்து, பூச்சும் சுண்ணாம்பு. இரண்டும் ஓரினம்.

இன்று நாம் பூசும் எமல்ஷன் வண்ணம் அத்தகையதன்று. அது சுவரின்மேல் மெல்லிய ஏடுபோலப் படிகிறது. மழைநீரைத் தடுக்கும் அதே ஏடு, உள்ளிருந்து வரும் ஆவியின் போக்கையும் ஓரளவு தடுக்கிறது. ஈரம் பொதிந்த சுவரின்மேல் அதனைப் பூசி, வெயிலில் சுவர் சூடேறும்போது, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி ஏட்டை வெளிநோக்கித் தள்ளுகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் எழுந்த கொப்புளங்கள் அவ்வாறு தோன்றியவையே.

பொருள் மாறியபோது பொருளுக்குரிய காலத்தையும் நாம் மாற்றியிருக்க வேண்டும். சுண்ணாம்பிற்கு உகந்த மார்கழி எமல்ஷனுக்கு உகந்ததன்று. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையோரத்தில் மாசி முதல் சித்திரை வரையிலான உலர்ந்த காலமே புறச்சுவர் வண்ணத்திற்கு ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

சுதை என்பது சுண்ணாம்புச் சாந்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, சுதை பூசி விளங்கும் அரண்மனையை வருணிக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான சுவர்கள், சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி மெருகேற்றப்பட்டவை. கோயில் கோபுரங்களிலுள்ள சுதைச் சிற்பங்களின் வெடிப்புகளையும் சிதைவுகளையும் சீர்செய்த பிறகே வண்ணம் தீட்டிக் குடமுழுக்கு நடத்துவர். திருப்பணி முதலில், வண்ணம் பிறகு என்னும் ஒழுங்கு அங்கு இன்றும் பேணப்படுகிறது.

சுவரைப் படித்தல்

மருத்துவர் நாடி பார்த்த பின்னரே மருந்து தருவார். சுவருக்கும் அவ்வாறே. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி ஐந்து எளிய சோதனைகளால் சுவரின் நிலையை அறியலாம்.

உள்ளங்கைச் சோதனை: பழைய வண்ணத்தின்மேல் கையை அழுத்தித் தேய்க்க வேண்டும். கையில் வெண்பொடி ஒட்டினால், பழைய பூச்சு வெயிலில் சிதைந்து சுண்ணப்பொடியாகிவிட்டது என்று பொருள். அப்பொடியின்மேல் பூசும் வண்ணம் பொடியைப் பற்றி நிற்குமேயன்றிச் சுவரைப் பற்றி நிற்காது.

நீர்த்துளிச் சோதனை: சுவரில் சிறிது நீரைத் தெளிக்க வேண்டும். சுவர் அதனை உறிஞ்சினால் நன்று. தாமரையிலைத் தண்ணீர்போல் முத்துமுத்தாக நின்று வழிந்தால், அங்கே எண்ணெய்ப் பசை உள்ளது. கற்காரை வார்க்கும்போது பலகை எளிதில் கழல்வதற்காகத் தடவிய எண்ணெயாக அது இருக்கலாம்.

தட்டிப் பார்த்தல்: சிறு சுத்தியின் கைப்பிடியால் சுவரை மெல்லத் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். ‘கணீர்’ என்ற ஒலி காரையின் பிடிப்பைக் காட்டும். ‘பொத்’தென்ற ஒலி, காரை சுவரைவிட்டு விலகி உள்ளே வெற்றிடம் இருப்பதைக் காட்டும்.

ஒட்டுநாடாச் சோதனை: பழைய வண்ணத்தில் கூரிய கத்தியால் பெருக்கல் குறிபோலக் கீறி, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென இழுக்க வேண்டும். வண்ணம் நாடாவுடன் வந்தால், அப்பகுதியில் பழைய பூச்சு முழுவதையும் நீக்கியாக வேண்டும்.

நெகிழித்தாள் சோதனை: ஏறத்தாழ 45 செ.மீ. நீள அகலமுடைய, ஒளி ஊடுருவும் நெகிழித்தாளின் நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாதவாறு சுவரில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் உட்புறத்தில் நீர்த்திவலைகள் படிந்திருந்தாலோ, அடியிலுள்ள சுவர் கருத்திருந்தாலோ சுவர் இன்னும் உலரவில்லை. பெரியவர் உள்ளங்கையால் உணர்ந்ததை எவரும் கண்ணால் காணச் செய்வது இச்சோதனை.

புதிய சுவராயின் சோதனைகளுக்கு முன்பே ஒரு விதியை நினைவிற்கொள்ள வேண்டும். கற்காரையின் வலிமையை அளக்க 28 நாள்களை அளவாகக் கொள்வது பொறியியல் மரபு. காரை பூசிய சுவருக்கும் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விட்டால்தான் ஈரமும் காரமும் தணியத் தொடங்கும். புதுமனை புகுவிழாவிற்கு நாள் குறிப்பவர்கள் இந்த நான்கு வாரத்தையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

நீரின் வழியை அடைத்தல்

சுவரில் ஓதம் தெரியுமிடத்தில் வண்ணத்தைக் குறைகூறுவது வழக்கம். ஓதம் நோயின் அறிகுறி. அதன் மூலம் வேறெங்கோ இருக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேற்பரப்பில் உள்ள வெடிப்பு, சன்னலின் மேலுள்ள மழைத்தடுப்பில் தேங்கும் நீர், கசியும் குழாய் இணைப்பு, அடைபட்ட மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிக் குவித்த மண் ஆகியவை பெரும்பாலான ஓதங்களுக்குக் காரணமாகும். மேலிருந்து கீழாக நீரின் பாதையைத் தேடிச்சென்று அடைத்த பின்னரே சுவரைத் தொட வேண்டும். மூலத்தை விட்டுவிட்டு வண்ணத்தால் மூடுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதை ஒக்கும்.

சுவரில் வெண்ணிறப் பொடி பூத்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். இதனை உப்புப் பூத்தல் என்பர். சுவருக்குள் செல்லும் நீர், செங்கல்லிலும் மணலிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்து வெளியே கொணர்கிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு மேற்பரப்பில் எஞ்சுகிறது. வண்ண ஏட்டிற்கு அடியில் படியும் உப்புப் படிகங்கள் ஏட்டைப் பெயர்த்துத் தள்ளும்.

உப்பைக் கண்டதும் நீரூற்றிக் கழுவுவது தவறு. கரைந்த உப்பு மீண்டும் சுவருக்குள்ளேயே புகுந்துவிடும். முதலில் உலர்ந்த தூரிகையால் தேய்த்து உப்பை உதிர்க்க வேண்டும். உதிர்ந்ததைச் சுவரடியில் விடாமல் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். சில வாரம் கவனித்து, மீண்டும் பூக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூக்குமாயின் நீரின் வழி இன்னும் அடைபடவில்லை என்றறியலாம்.

வெடிப்பும் துருவும்

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. காரை உலரும்போது சுருங்குவதால் தோன்றும் மயிரிழை வெடிப்புகள் மேற்பரப்போடு நின்றுவிடும். அவற்றைப் பட்டியால் நிரப்பினால் போதும். சற்று அகன்ற வெடிப்பை அப்படியே மெழுகக் கூடாது. உளியால் ஆங்கில ‘வி’ வடிவில் வாய் அகலுமாறு செதுக்கி, தூசியைப் போக்கி, வெடிப்பு நிரப்பியை ஆழம்வரை அழுத்தி நிரப்ப வேண்டும். மேலோட்டமாகப் பூசியது மேலோட்டமாகவே பெயர்ந்துவிடும்.

கற்காரைத் தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்க்கோடாக வெடிப்பு விழுவதை அடிக்கடி காணலாம். வெப்பத்தாலும் ஈரத்தாலும் அவ்விரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதே காரணம். கட்டும்போதே அவ்விணைப்பின் மீது கோழிவலை எனப்படும் கம்பிவலையை விரித்துக் காரை பூசுவது நல்ல கொத்தனாரின் வழக்கம். அவ்வாறு செய்யாத சுவரில், நெகிழ்ந்து கொடுக்கும் நிரப்பியையும் அதன்மேல் கண்ணாடியிழை வலையையும் பயன்படுத்த வேண்டும்.

வெடிப்பு வளர்கிறதா என அறிய ஒரு வழி உண்டு. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு நாளைக் குறித்து வைக்க வேண்டும். சில மாதங்களில் வெடிப்பு கோட்டைத் தாண்டினாலோ, சன்னல் மூலையிலிருந்து சாய்வாகவும் படிக்கட்டுப் போலவும் ஓடினாலோ, அது வண்ணம் பூசுபவர் தீர்க்கும் சிக்கலன்று. பொறியாளரை அழைக்க வேண்டும். அடித்தளத்தின் குரலை வண்ணத்தால் மூடி மறைப்பது ஆபத்தானது.

இன்னும் கவனிக்கத்தக்கது துரு. கற்காரையின் காரத்தன்மை கம்பியைக் காக்கிறது என்று கண்டோம். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து காரத்தைக் குறைக்கும்போதும், கடற்காற்றின் உப்பு உட்புகும்போதும் அக்காப்பு நீங்குகிறது. இரும்பு துருவாகும்போது தன் பருமனைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கிறது. அந்த அழுத்தம் தாங்காமல் கற்காரை வெடித்துப் பாளம்பாளமாகப் பெயர்கிறது. மழைத்தடுப்பின் அடிப்பகுதியில் பழுப்புக் கறையும் நீண்ட வெடிப்பும் தெரிந்தால் உள்ளே கம்பி துருவேறுகிறது என்று கொள்ளலாம்.

அவ்விடத்தில் தளர்ந்த கற்காரையை முற்றிலும் நீக்கிக் கம்பியைச் சுற்றிலும் வெளிப்படுத்த வேண்டும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து உலோகம் மின்னும்வரை தூய்மை செய்ய வேண்டும். பிறகு துருத்தடுப்புப் பூச்சும் பிணைப்புப் பூச்சும் இட்டு, பழுதுபார்ப்பிற்கென உள்ள காரையால் நிரப்பிப் பதப்படுத்த வேண்டும். கம்பி மெலிந்து போயிருந்தால் பொறியாளரின் கருத்தறியாமல் மூடக் கூடாது. பெயர்ந்து விழும் ஒரு பாளம் கீழே செல்பவரின் உயிரைப் பறிக்க வல்லது.

கழுவுதலும் உலர்த்துதலும்

பழுது நீக்கிய சுவரை அடுத்துத் தூய்மை செய்ய வேண்டும். பொருக்குகளைச் சுரண்டுகருவியால் நீக்கி, கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். புதிய கற்காரையின் மேல் பாலாடைபோல் படிந்துள்ள வலுவற்ற சிமெண்ட் படலத்தையும் அவ்வாறே நீக்குதல் வேண்டும். எண்ணெய்ப் பசையைச் சோப்புக் கரைசலால் கழுவலாம். மிக வழவழப்பான கற்காரையை உப்புத்தாளால் தேய்த்துச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பூச்சுக்குப் பிடிப்புக் கிடைக்கும்.

நிழல் விழும் சுவர்களில் பச்சையாகவும் கருமையாகவும் படர்பவை பாசியும் பூஞ்சையும். அவை உயிருள்ளவை. சுரண்டினால் மேற்பகுதி போகும். துளைகளில் எஞ்சியவை வண்ணத்தைத் துளைத்து மீண்டும் தழைக்கும். சலவைத்தூள் கரைசலையோ பூஞ்சைக்கொல்லிக் கரைசலையோ தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, தேய்த்து நல்ல நீரால் கழுவ வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சலவைத்தூளுடன் அமிலத்தை எக்காரணம் கொண்டும் கலத்தல் கூடாது. அவ்வாறு கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். ஒன்றைப் பயன்படுத்திய வாளியில் மற்றொன்றை ஊற்றுவதும் தீங்கு விளைவிக்கும்.

கழுவிய சுவர் மீண்டும் ஈரச்சுவர் என்பதை மறக்கலாகாது. வெயிலும் காற்றும் படுமாறு சில நாள்கள் உலரவிட்டு, நெகிழித்தாள் சோதனையை மறுபடியும் செய்து பார்ப்பதே அறிவுடைமை.

பட்டியும் பிரைமரும்

சுவரின் சிறு பள்ளங்களை மாவு போன்ற பூச்சால் நிரவிச் சமன்செய்வதைப் ‘பட்டி பார்த்தல்’ என்பர். புறச்சுவருக்கு வெள்ளைச் சிமெண்டால் ஆன பட்டியே உரியது. உட்புறத்தில் பயன்படும் பாரிஸ் சாந்து நீர்பட்டால் நெகிழ்ந்துவிடும். பட்டியைத் தடிமனாக ஒரேமுறை அப்பாமல், மெல்லியதாக இருமுறை இழுக்க வேண்டும். உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்த தூசியை முற்றிலும் துடைத்தல் வேண்டும்.

அடுத்துப் பூசுவது பிரைமர் என்னும் முதற்பூச்சு. அது சுவரின் துளைகளில் ஊடுருவித் தளர்ந்த நுண்துகள்களைப் பிணைக்கிறது. சுவர் எங்கும் ஒரே சீராக வண்ணத்தை உறிஞ்சச் செய்கிறது. காரம் தாங்கும் பிரைமராயின் வண்ணத்தைக் காரத்திலிருந்தும் காக்கிறது. செலவைக் குறைக்க எண்ணுவோர் முதலில் கைவிடுவது இதனைத்தான். ஆனால் பிரைமர் இல்லாத சுவர் வண்ணத்தைத் திட்டுத்திட்டாகக் குடித்து, ஈற்றில் கூடுதல் வண்ணத்தைக் கேட்கும். கையை வைக்க இயலாத அளவு சுவர் கொதிக்கும் நண்பகலில் பிரைமரும் வண்ணமும் பூசலாகாது. பூச்சு சுவரைப் பற்றுமுன் உலர்ந்துவிடும். வெயிலின் போக்கைப் பின்தொடர்ந்து, நிழல் வந்த சுவரில் பூசுவது தொழில் அறிந்தோர் வழக்கம்.

சாரத்தின்மேல் நிற்பவர்

சுவரைப் பேசிய நாம் அதன் முன் நிற்கும் மனிதரையும் பேச வேண்டும். சுரண்டுவதும் தேய்ப்பதும் மிகுந்த தூசியை எழுப்பும் வேலைகள். கற்காரைத் தூசியில் உள்ள நுண்ணிய சிலிக்கா, நுரையீரலில் படிந்து நாளடைவில் தீராத நோயை உண்டாக்கும். பழைய வண்ணங்களில், சிறப்பாக எனாமல் வகைகளில், ஈயம் கலந்திருக்கக் கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மிகலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய பூச்சுகளை உலர்நிலையில் தேய்க்காமல், நனைத்துத் தேய்ப்பது நலம். முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் அணிதல் வேண்டும்.

இரண்டாம் மாடியின் உயரத்தில், கயிற்றால் கட்டிய சாரத்தின்மேல், ஒரு கையில் வாளியும் மறுகையில் தூரிகையுமாக நிற்பவரை நாம் அண்ணாந்து பார்ப்பதே அரிது. உறுதியான சாரமும் இடுப்பில் பாதுகாப்புப் பட்டையும் அவருக்கு யாரும் அளிக்கும் சலுகைகள் அல்ல. அவருடைய உரிமைகள். ‘விரைவாக முடியுங்கள்’ என்று நாம் கூறும் ஒவ்வொரு முறையும், சுவர் உலரும் நேரத்தை மட்டுமன்று, சாரத்தின் முடிச்சை இருமுறை சரிபார்க்கும் நேரத்தையும் அவரிடமிருந்து பறிக்கிறோம்.

மீண்டும் அதே சுவர்

மறு ஆண்டு மாசி மாதத்தில் அதே பெரியவரை மீண்டும் அழைத்தேன். “இந்தத் தடவை நாள் நீங்க குறிங்க, மேஸ்திரி” என்றேன். அவர் சிரித்தார். பழையதைக் குத்திக்காட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வேலை பன்னிரண்டு நாள்கள் நடந்தது. அவற்றுள் ஒன்பது நாள்களில் வண்ண வாளியின் மூடியே திறக்கப்படவில்லை. கைப்பிடிச் சுவரின் வெடிப்பை அடைத்தார். மழைத்தடுப்பில் நீர் தேங்காதவாறு சரிவு அமைத்தார். பொருக்குகளைச் சுரண்டினார், கழுவினார், உலரவிட்டார், பட்டி பார்த்தார். “பெயின்ட் அடிக்கச் சொன்னா வீட்டை இடிக்கிறாரே” என்று வழியே சென்றவர்கள் வியந்தனர். பத்தாம் நாள் காலையில் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். “நீங்களும் தொட்டுப் பாருங்க சார்” என்றார். தொட்டேன். சுவர் உலர்ந்த கல்லின் இளஞ்சூட்டுடன் இருந்தது.

அதன்பின் பல மழைக்காலங்கள் கடந்துவிட்டன. வண்ணம் சற்று மங்கியிருக்கிறது. ஆயினும் சுவரைவிட்டு அகலவில்லை. முடிந்த வேலையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த ஒன்பது நாள் உழைப்பு தெரியாது. வண்ணம் மட்டுமே தெரியும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவ்வண்ணத்தைச் சுவரில் பிடித்து வைத்திருப்பது அந்த ஒன்பது நாள்களே.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீடு அல்லது பள்ளியின் புறச்சுவர் ஒன்றில் உள்ளங்கைச் சோதனை, நீர்த்துளிச் சோதனை ஆகியவற்றைச் செய்து, கண்டவற்றை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பகுதியில் வண்ணம் பூசும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய தொழில் அனுபவங்களையும் அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களையும் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. சுண்ணாம்புப் பூச்சு இறுகக் காற்றிலிருந்து ஈர்ப்பது ________.
அ) உயிர்வளி ஆ) கரியமில வாயு இ) நைட்ரசன் ஈ) குளோரின்

2. பொருத்துக.
க) மயிரிழை வெடிப்பு – 1. துருவேறிய கம்பி
ங) பழுப்புக் கறை – 2. சிதைந்த பழைய பூச்சு
ச) கையில் ஒட்டும் வெண்பொடி – 3. காரை சுருங்குதல்
அ) 3, 1, 2 ஆ) 1, 2, 3 இ) 2, 3, 1 ஈ) 3, 2, 1

குறுவினா

1. உப்புப் பூத்த சுவரை உடனே நீரால் கழுவுதல் கூடாது. ஏன்?
2. கற்காரையின் காரத்தன்மை நன்மையும் தீமையும் செய்வது எவ்வாறு?

சிறுவினா

1. மார்கழியில் வெள்ளையடித்தல் பொருந்தியது, எமல்ஷன் பூசுதல் பொருந்தவில்லை. காரணம் தருக.
2. வண்ணம் பூசும் தொழிலாளரின் பாதுகாப்பிற்குத் தேவையானவற்றை விளக்குக.

நெடுவினா

‘சுவரை வைத்துத்தான் சித்திரம்’ என்னும் பழமொழியின் பொருளைப் பாடப்பகுதி வழி நிறுவுக.